கோபுரம் இல்லாத வெஸ்லி ஆலயம்: வடசென்னையின் பழைய மெதடிஸ்ட் கட்டடத்தை எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது

கேள்வி கேட்ட தம்பி, ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு பழைய வெஸ்லியன் சபையில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்து அர்மீனியன் தெருவில் மணிக்கூண்டு இருக்கிறது, எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் என்ற ஸ்காட்லாந்துச் சபை ஆலயத்தில் உயரமான ஊசிக்கோபுரம் இருக்கிறது, எங்கள் ஆலயம் மட்டும் தூணும் முக்கோண முகப்பும் வைத்த பெரிய கூடம் மாதிரி இருப்பது ஏன் என்று கேட்கிறார். இப்போது சபைக் கமிட்டியில் முகப்பில் கோபுரம் எழுப்பலாம், மேல்தளத்தை இடித்து கான்கிரீட் போடலாம், உள்ளே டைல்ஸும் ஏசியும் வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறதாம். அதற்கு என்ன சொல்வது என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. வடசென்னையில் பழைய சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். பழைய வெஸ்லியன் ஆலயத்துக்குக் கோபுரம் இல்லையென்றால், பணம் போதாமல் பாதியில் நின்ற வேலை என்று எண்ண வேண்டாம். அந்தச் சபையின் கொள்கையே அப்படி. அது காதுக்காகக் கட்டப்பட்ட கட்டடம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பிரசங்கம் ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். கூடத்தின் அகலம், கூரையின் உயரம், மேல்மாடம், ஜன்னல், பிரசங்க பீடம் நிற்கும் இடம் எல்லாம் அந்த ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால், கமிட்டியில் எதற்குத் தலையாட்டலாம், எதற்குக் கூடாது என்பது தெளிந்துவிடும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703–1791) இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாக வாழ்ந்து குருவாகவே இறந்தவர். 1739-இல் பிரிஸ்டல் அருகே திறந்தவெளியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அதே ஆண்டில் அங்கே 'நியூ ரூம்' என்ற கூடத்தைக் கட்டினார். உலகில் எஞ்சியிருக்கும் மெதடிஸ்ட் கட்டடங்களில் அதுதான் மிகப் பழையது. இவற்றை ஊர்க் கோயிலுக்குப் போட்டியாக அவர் நினைக்கவில்லை. ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் அவரவர் பங்குக் கோயிலுக்குப் போங்கள், வசனம் கேட்க இங்கே வாருங்கள் என்பதே பொதுவான ஏற்பாடு. அவர் இறந்த பிறகு, 1795-இல்தான் மெதடிஸ்ட் மாநாடு தன் கூடங்களில் திருவிருந்து பரிமாறுவதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. பல வெஸ்லி ஆலயங்களில் பிரசங்க பீடம் ஓங்கி நிற்க, திருவிருந்து மேசை அதன் முன்னால் அடக்கமாக, முழங்கால்படியிட ஒரு மர அழியோடு (தடுப்போடு) இருப்பதற்கு வேர் இங்கே இருக்கிறது.

கூடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று வெஸ்லி வகுத்த விதிகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. ஒரு கட்டடக்காரன் எழுதியது போலவே இருக்கும். எளிமையாகவும் கண்ணியமாகவும் கட்டுங்கள், தவிர்க்க முடியாத செலவுக்கு மேல் போகாதீர்கள், போனால் பணம் திரட்டப் பணக்காரர்கள் நமக்குத் தேவைப்படுவார்கள், பிறகு அவர்கள்தான் நம்மை ஆளுவார்கள் என்கிறார். இடம் இருந்தால் எண்கோணமாகக் கட்டச் சொல்கிறார், குரலுக்கு அதுவே நல்லது என்று. கூரை, அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உயர வேண்டும். கதவும் ஜன்னலும் தாராளமாக இருக்க வேண்டும். ஜன்னல்கள் மேலிருந்து கீழே இறங்கித் திறக்க வேண்டும். தொட்டி போன்ற குறுகிய பிரசங்க மேடை கூடாது. இருக்கைகளுக்கு முதுகுச் சாய்வு கூடாது. நடுவில் ஓர் அழி ஓட வேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நம் சபைகளில் பழைய தலைமுறை அப்படிப் பிரிந்து உட்கார்ந்ததை இந்த ஊர்ப் பழக்கம் என்றே பலர் எண்ணுகிறார்கள். வெஸ்லி சபையைப் பொறுத்தவரை அது இங்கிலாந்திலிருந்தே எழுத்தில் வந்த விதியும்கூட.

எண்கோணம் பெரிய கூட்டத்துக்கு ஒத்துவரவில்லை. 1778-இல் லண்டன் சிட்டி ரோட்டில் வெஸ்லியே எழுப்பிய ஆலயம் நீள்சதுரம்தான், உள்ளே சுற்றி மேல்மாடம். அந்த மேல்மாடத்தைத் தாங்க முதலில் கப்பல்களின் பாய்மரத் தண்டுகளை நிறுத்தினார்கள் என்பது அந்தச் சபையார் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. கடல் கடந்து போன வெஸ்லியன்கள் மனதில் இருந்த வடிவம் இதுதான்.

அது சென்னைக்கு வந்த வழி தமிழர்களான நமக்கு நெருக்கமானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1813 சாசனச் சட்டம் இந்தியாவில் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்தது. வெஸ்லியன்கள் முதலில் போனது இலங்கைக்கு. அந்தக் குழுவின் தலைவர் தாமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோனார். மற்றவர்கள் காலியில் கரையிறங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பணி செய்த ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். ஆக, சென்னை வெஸ்லியன் சபைக்குத் தாய்வீடு யாழ்ப்பாணம். ராயப்பேட்டையில் முதலில் ஊன்றினார்கள். 1820களின் தொடக்கத்தில் பிளாக் டவுன் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில், பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் ஓர் ஆலயம் எழுப்பினார்கள். இன்றைய பிரகாசம் சாலைதான் அந்தத் தெரு.

அந்தத் தெருவின் அடியில் என்ன இருக்கிறது என்பது கட்டடத்துக்கு முக்கியம். பெத்தநாயக்கன்பேட்டைக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவே ஒரு பள்ளமான வடிகால் ஓடியது. 1778-இல் சென்னைக்கு வந்த ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் அந்தப் பள்ளத்தை வாங்கித் தூர்த்து, வீதியாக்கினார். தூர்த்த மண், கீழே கடலோர மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இப்படிப்பட்ட நிலத்தில் சென்னைக் கொத்தனார்கள் கையாண்ட வழி உறைகிணறு இறக்குவது. சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மண்ணுக்குள் இறக்கி, உள்ளே கல்லும் சாந்தும் நிரப்பி, அவற்றின் மேல் சுவரை எழுப்புவார்கள். எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் இன்றைக்கும் இப்படிப்பட்ட கிணறுகளின் மேல்தான் நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிதாக ஏதாவது கனமாக எழுப்பலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்பதுதான். கோபுரப் பேச்சுக்கு வரும்போது இதை மறுபடி சொல்கிறேன்.

தூண்களும் முக்கோண முகப்பும் எங்கிருந்து வந்தன? லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டி 1726-இல் முடித்த செயின்ட் மார்ட்டின் ஆலயம் அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் முன்மாதிரியாக நின்றது. கிப்ஸ் தன் வரைபடங்களை அச்சிட்டு வெளியிட்டிருந்ததால், கம்பெனியின் ராணுவப் பொறியாளர்கள் அதைப் பார்த்தே கட்டினார்கள். 1815 வாக்கில் எழுந்த ஜார்ஜ் கதீட்ரலும், 1821-இல் திறந்த ஆண்ட்ரூஸ் கிர்க்கும் அந்தக் குடும்பம்தான். தூண் வரிசை, அதன்மேல் முக்கோணம், அதன்மேல் ஊசிக்கோபுரம். அவை அரசாங்கத்தின் ஆதரவோடு எழுந்த ஆலயங்கள். வெஸ்லியன்களுக்கு அந்த ஆதரவு கிடையாது, கோபுரத்தில் ஆசையும் கிடையாது. தூணையும் முக்கோணத்தையும் எடுத்துக்கொண்டு, ஊசிக்கோபுரத்தை விட்டுவிட்டார்கள். என் பார்வையில் இது நல்ல தேர்வு. ஆழமான தூண் முகப்பு நம் ஊர் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் பயன்படுகிறது. ஆராதனை முடிந்து சபையார் நின்று பேச நிழலுள்ள இடம் அதுதான்.

இனி பொருள்களுக்கு வருவோம். இங்கே ஆங்கிலேயர் வடிவம் தந்தார்கள், கட்டடத்தைத் தந்தவர்கள் நம் கொத்தனார்களும் தச்சர்களும் சிற்றாட்களும்.

மேலே பாருங்கள். உத்திரங்களும் அவற்றின்மேல் நெருக்கமாக ஓடும் மரச்சட்டங்களும் தெரிகின்றன என்றால் அது மெட்ராஸ் டெரஸ். நல்ல தேக்குச் சட்டங்களை ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் வைப்பார்கள். ஆறங்குல நீளம், மூன்றங்குல அகலம், ஓரங்குலத் தடிமன் உள்ள சிறு செங்கல்லை நிறுத்தி வைத்து, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகச் சேர்ப்பார்கள். கீழே பலகை முட்டு எதுவும் கிடையாது. முந்தைய வரிசையை அடுத்த வரிசை பிடித்துக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, சிற்றாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை துள்ளி எழும் அளவுக்கு இறுகியபின் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்து, வாட்டம் பார்த்து முடிப்பார்கள். முறையாகப் பராமரித்தால் இந்தத் தளம் நூறு வருடத்தைச் சுலபமாகத் தாண்டும். வெயில் உள்ளே இறங்காது. அதன் எதிரிகள் இரண்டு. ஒன்று, மழைநீர் வெளியேறும் தூம்பு அடைத்துத் தேங்கும் தண்ணீர். இன்னொன்று, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையில் இறங்கும் ஈரம். நடு உத்திரம் இரும்பு போல இருக்கும்போதே, சுவருக்குள் போன ஒரு முழம் உளுத்துப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சுவர்ப்பூச்சு இதைவிட அருமையானது. 'மெட்ராஸ் சுண்ணம்' என்று பழைய பயணிகள் வியந்து எழுதிய, பளிங்கு போல மின்னும் அந்தப் பூச்சுக்கு மூலப்பொருள் கிளிஞ்சல். எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, மலைச் சுண்ணாம்புக்கல்லைவிடத் தூயது, வெண்மையானது. எண்ணூரிலிருந்து பட்டணத்துக்கு 1806-இலேயே கால்வாய் ஓடியது. முதலில் காக்ரேன் கால்வாய், பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. விறகும் உப்பும் சுண்ணாம்பும் படகில் வந்து இறங்கிய வழி அது. வடசென்னையின் கழிமுகம்தான் சென்னையின் வெள்ளைச் சுவர்களுக்கு முதல் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. அந்தக் கழிமுகம் இன்று இருக்கும் நிலையைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, அது தனிப் பேச்சு.

பூச்சு மூன்று கைகளில் ஏறும். முதல் கை மணலும் சுண்ணாம்பும் வெல்லத் தண்ணீரும். இரண்டாவது கை இன்னும் நயமான மணல். மூன்றாவது கைக்கு மணலே கிடையாது. நாட்கணக்கில் அரைத்த வெண்ணெய் போன்ற கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று வீட்டுக்கு வீடு, மேஸ்திரிக்கு மேஸ்திரி மாறும் கணக்கில் சேர்த்து, மெல்லிசாக இழுத்து, ஈரம் காய்வதற்குள் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். வியர்த்து வரும் நீரைத் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். தூண் ஒன்றை முடிக்க ஒரு கை ஆட்கள் இரவும் பகலும் விடாமல் நிற்க வேண்டியிருக்கும், நடுவில் நிறுத்தினால் ஒட்டுத் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பைப் பற்றி ஒரு விஷயம் புரிந்துகொண்டால் போதும், பழுதுபார்ப்பில் பாதித் தவறுகள் நடக்காது. சுடும்போது போன கரியமில வாயுவை, பூசியபின் காற்றிலிருந்து மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு அது கல்லாகிறது. நுண்துளைகள் உள்ள பொருள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. வெளியேற வழி இல்லாத உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே மாவாக உதிர்க்கிறது. சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்கிறது என்று சிமெண்ட் பூசுவார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அதே பொரிவு தோளளவுக்கு ஏறியிருக்கும். இதை வடசென்னையின் எத்தனையோ பழைய பள்ளிகளிலும் ஆலயங்களிலும் பார்க்கலாம்.

இனி காது. ஒலியைப் பற்றிச் சில கணக்குகள் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏசி, டைல்ஸ் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

திறந்த வெளியில் பேசுபவரிடமிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அளவு ஆறு டெசிபல் குறைகிறது. ஆகவே ஆட்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும் நீண்ட கூடத்தைவிட, பக்கவாட்டிலும் மேலேயும் அடுக்கும் அகலமான கூடம் நல்லது. மேல்மாடம் வைத்ததன் காரணம் அதுதான். எண்ணூறு பேரைப் பிரசங்கியாரின் முகம் தெரியும் தூரத்துக்குள் கொண்டுவருவது. பீடம் உயர்ந்து நிற்பதும் அதற்காகவே, மேல்மாடத்தில் இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் குரல் நேராகப் போய்ச் சேரும். அடுத்தது, எதிரொலி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியைவிட 17 மீட்டருக்குமேல் சுற்றி வந்தால், அது இருபதில் ஒரு பங்கு நொடி பிந்தி, தனிச் சத்தமாகக் காதில் விழத் தொடங்கும். அதற்குள் வந்தால் நேரொலிக்கு வலுச் சேர்க்கும். அடக்கமான உயரமும் தட்டையான தளமும் கொண்ட வெஸ்லி கூடத்தில் மேலிருந்து வரும் எதிரொலி சீக்கிரமே வந்துவிடுகிறது. உயரமான வளைகூரைக் கதீட்ரலில் ஒரு ஓசை அடங்க நான்கைந்து நொடி பிடிக்கலாம். இழுத்துப் பாடும் சங்கீதத்துக்கு அது சொர்க்கம். ஆனால் மனிதர் நொடிக்கு நான்கைந்து அசை பேசுகிறார்கள். பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு நொடிக்கு அருகில் ஓசை அடங்கிவிட வேண்டும்.

சென்னையில் இதைச் சாதித்துத் தருவது ஜன்னல்கள். திறந்த ஜன்னல் ஒலியைத் திருப்பித் தருவதே இல்லை. அளவுக்கு அளவு, அதைவிடச் சிறந்த ஒலி உறிஞ்சி உலகத்தில் கிடையாது. மின்விசிறி வராத காலத்தில், காற்றுக்காக வைத்த ஆளுயர ஜன்னல்களும் சாய்பலகைக் கதவுகளும் அதே வேளையில் வழுவழுச் சுவர்களின் அதிர்வையும் வெளியே இறக்கிவிட்டன. வெஸ்லி கதவும் ஜன்னலும் தாராளமாகக் கேட்டதற்கு நம் ஊர் தட்பவெப்பம் இரட்டைப் பலன் தந்தது. பாட்டும் கெடவில்லை. ஜானின் தம்பி சார்லஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கு மேல் ஞானப்பாட்டுகள் எழுதிய சபை அது. இங்கே ஞானப்பாட்டும் கீர்த்தனையும் சேர்ந்தே ஒலித்தன. கீர்த்தனையின் சொல்லும் தாளமும் புரியும்படி கேட்க இந்தக் கூடம் மிகப் பொருத்தம்.

உங்கள் ஆலயம் எந்தக் காலத்தது என்று கட்டடத்தைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். அரைவட்ட வளைவோ நேர்மட்டமோ உள்ள ஜன்னலும் தூண் முகப்பும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதிப் பழக்கம். கூர்வளைவு ஜன்னல், சரிவான கூரை, முட்டுச்சுவர் என்று கோதிக் பாணி இருந்தால் பெரும்பாலும் 1850-க்குப் பிறகு. அந்த ஆண்டில்தான் ஃபிரடெரிக் ஜாப்சன் என்ற வெஸ்லியன் போதகர் ஆலயங்களுக்குக் கோதிக் பாணியே தகும் என்று ஒரு கையேடு எழுதினார். அதன்பின் வெஸ்லியன்களின் சுவை மாறியது. கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் அந்தக் கூரை 1865-க்கு முந்தையதாக இருக்க முடியாது, பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது அந்த ஆண்டில். மரத்துக்குப் பதில் இரும்பு உத்திரம் இருந்தால் இன்னும் பிந்தியது. அதில் பொறித்திருக்கும் ஆலையின் பெயரைத் துடைத்துப் படியுங்கள். சுவரில் சிமெண்ட் இருந்தால் அது பிற்காலக் கை. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904-இல் நம் சென்னையில்தான் நடந்தது, அதற்கும் கடற்கிளிஞ்சல்தான் மூலப்பொருள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பெயர்ப்பலகையில் 'சி.எஸ்.ஐ. வெஸ்லி' என்றும் 'மெதடிஸ்ட்' என்றும் இரண்டு விதம் பார்ப்பீர்கள். பிரிட்டிஷ் வெஸ்லியன் மரபு 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) இணைந்தது. 1870களில் வில்லியம் டெய்லரின் ஊழியத்தால் வேப்பேரிப் பக்கம் வேரூன்றிய அமெரிக்க மெதடிஸ்ட் மரபு அதில் சேரவில்லை, 1981-இல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபையாகத் தனித்து அமைந்தது. கட்டடப் பாணியும் இதனால் வேறுபடும். பழைய ஆவணங்களைத் தேடும்போது எந்த மரபு என்று தெரிந்திருந்தால்தான் சரியான இடத்தில் தேடுவீர்கள்.

இப்போது கமிட்டியின் யோசனைகள்.

கோபுரம் வேண்டாம். கொள்கையைத் தள்ளிவைத்து, பொறியியலாக மட்டும் பார்த்தாலும் வேண்டாம். இருநூறு வருடத்துக்கு நெருக்கமாக ஒரே பாரத்தைச் சுமந்து மண் அமர்ந்துவிட்டது. முகப்பை ஒட்டி இத்தனை கனத்தைப் புதிதாக வைத்தால் அந்த மூலை மட்டும் இறங்கும், பழைய சுவர் இழுபட்டுப் பிளக்கும். தூர்த்த நிலத்தில் இது இன்னும் மோசம். முகப்பு பார்க்க அழகாக வேண்டும் என்றால், அதன்மேல் ஏறியிருக்கும் பிளாஸ்டிக் பெயிண்டை உரித்து, சுண்ணாம்பு அடித்து, தூண்களின் விளிம்புகளைச் சுதையில் திருத்துங்கள். சாயங்கால வெயிலில் நின்று பார்ப்பவர்களுக்குக் கோபுரம் நினைவுக்கே வராது.

மேல்தளத்தை இடித்து கான்கிரீட் போடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. கான்கிரீட் தளம் வெயிலில் நீளும். இருபது மீட்டர் தளம் 25 டிகிரி சூடேறினால் ஐந்தாறு மில்லிமீட்டர் நீண்டு, இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சுவர் இந்தத் தள்ளலைத் தாங்காது, தளத்துக்குக் கீழே படுக்கையாக விரிசல் ஓடும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதும்போது கான்கிரீட் உதிரத் தொடங்கும். மெட்ராஸ் டெரஸ் நூறு வருடம் நின்ற இடத்தில் இது முப்பது, நாற்பது வருடத்தில் மறு செலவு வைக்கும். செய்ய வேண்டியது வேறு. ஒவ்வொரு உத்திரத்தின் முனையிலும் சுவரைக் கொஞ்சம் திறந்து, மரத்தைத் துளைத்துச் சோதியுங்கள். கெட்ட முனையை மட்டும் வெட்டி, நல்ல தேக்கை ஒட்டுப்போட்டு இரும்புத் தகட்டால் இறுக்கலாம். வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடைகளில் பழைய வீடுகளை இடித்த தேக்கு கிடைக்கும், புது மரத்தைவிட அதுவே மேல். மேலே தளவரிசையை எடுத்துவிட்டு, வாட்டத்தைச் சரிசெய்து, சுண்ணாம்பு ஜல்லி தட்டித் தட்டோடு பதியுங்கள். கசிவு இருக்கிறது என்று தார் ஷீட் ஒட்டிவிடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்று, கெடாத மரத்தையும் கெடுக்கும்.

டைல்ஸ் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். தரை வழியாக வெளியேற முடியாமல் போன ஈரம் சுவரில் ஏறும். இரண்டாவது, கண்ணாடி போன்ற தரை ஒலியைத் திருப்பி அடிக்கும். பழைய கடப்பைக் கல் இருந்தால் அதை எடுத்து அடியைச் சமன்செய்து திரும்பப் பதியுங்கள், சந்துகளைச் சுண்ணாம்பில் அடையுங்கள்.

ஏசி விஷயத்தில் சபையாரின் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சித்திரை, வைகாசியில் வயதானவர்கள் இரண்டு மணி நேரம் உட்கார்வது கடினம்தான். ஆனால் ஜன்னல்களை அடைத்துக் கண்ணாடி போட்டால், இத்தனை நாள் ஓசையை வெளியேற்றிய வழி முழுக்க அடைபடும். கூடம் முழங்கும். மைக் சத்தத்தைக் கூட்டுவார்கள், முழக்கமும் கூடும், கடைசி பெஞ்சுக்கு எதுவும் புரியாது. இந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதுவே போய்விடும். போதாததற்கு, ஏசிக்காகப் பொய்க்கூரை போட்டால் உத்திர முனைகள் கண்ணிலிருந்து மறையும், கரையான் வந்தாலும் தெரியாது. முதலில் ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெரும்பாலான ஆலயங்களில் மேல்வரிசை ஜன்னல்கள் பெயிண்ட் ஒட்டிப்போய் பல வருடமாகத் திறக்கப்படாமல் கிடக்கும். சூடான காற்று வெளியேறும் வழி அவைதான். அவற்றைத் திறந்து, வேகம் குறைந்த பெரிய விசிறிகளைப் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். ஒலிபெருக்கிக்கு, முன்னால் இரண்டு பெரிய பெட்டிகளை வைப்பதைவிட, தூண்களில் உயரமான மெல்லிய பெட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமான சத்தத்தில் வைப்பது இந்த மாதிரிக் கூடத்துக்குப் பொருந்தும்.

பெஞ்சு, பிரசங்க பீடம், திருவிருந்து அழி, மேல்மாடத்தின் கைப்பிடி, சுவரில் பதித்த நினைவுக் கற்கள் எதையும் இடம் மாற்றாதீர்கள், வார்னிஷ் அடிக்க வேண்டுமென்றாலும் பழைய பூச்சைச் சுரண்டாமல் செய்யச் சொல்லுங்கள். கல்வெட்டுப் பலகைகளை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறது, அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். எழுத்து போய்விடும்.

வேலை தொடங்குமுன் ஒன்று. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.-வின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உங்கள் ஆலயம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முகப்பில் கை வைக்க அவர்களுடைய பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளையிலும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கட்டடக் கலைஞர்களின் தொடர்பு கிடைக்கும். ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது, சுண்ணாம்பு வேலை செய்தேன் என்று சொல்பவரிடம் எங்கே என்று கேட்டு, போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சிமெண்ட் கலந்த 'சுண்ணாம்புப் பூச்சு' நிறைய நடக்கிறது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதையெல்லாம் ஒரே நாளில் பேசிவிட முடியாது. அதனால் வரிசை சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியில் தூம்புகளைச் சுத்தம் செய்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுகளை வேரோடு எடுங்கள், வெளியே இழுக்க வராத வேரை வெட்டி மருந்து வைத்து, அந்த இடைவெளியைச் சுண்ணாம்பால் அடையுங்கள். மழை பெய்யும்போது ஒருவரை உள்ளே நிறுத்தி, எங்கெங்கே கசிகிறது என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தை பிறந்து சுவர் காய்ந்தபின் உத்திர முனைகளைச் சோதியுங்கள். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு மதிப்பீடு கேளுங்கள். அதுவரை எந்த முன்பணமும் கொடுக்க வேண்டாம். உத்திர முனைகளைத் திறக்கும் அன்று தெரியப்படுத்தினால், நானும் வந்து பார்க்கிறேன்.